பேச ஒரு குடிகாரர் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அண்ணன் ஆறு மாதமாக, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் கூட்டங்களுக்குப் போகிறார். குடிப்பதில்லை, நிம்மதிதான். ஆனால் குடியிலிருந்து மீள அவர்கள் வகுத்த 12 படிகளை வாங்கிப் படித்தால் எங்கு பார்த்தாலும் கடவுள். நாங்கள் இருவருமே நாத்திகர்கள். சுற்றி வளைத்து மதத்துக்குள் இழுக்கிறார்களோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மதத்திலிருந்து வந்ததுதான், மறைக்க ஒன்றுமில்லை. லூதரன் போதகர் ஃபிராங்க் புக்மன் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கம்தான் நாற்றங்கால். குற்றத்தை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்வது, தீங்கு செய்தவர்களைத் தேடிப்போய் ஈடுகட்டுவது எல்லாம் அங்கே பழகியவை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் நடந்தது. பின்னால் இந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான நியூயார்க் பங்குத்தரகர் பில் வில்சன் குடியை விட்டு அப்போது ஐந்து மாதம். வந்த தொழில் காரியம் படுத்துவிட்டது. கூடத்தின் ஒரு கோடியில் மதுக்கூடம், சிரிப்புச் சத்தம். மறுகோடியில் தொலைபேசி, பக்கத்தில் தேவாலயங்களின் பட்டியல். பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்தார். வில்சன் கேட்டது ஜெபத்தை அல்ல. பேசுவதற்கு ஒரு குடிகாரரை! அந்த ஐந்து மாதத்தில் அவர் பிரசங்கம் செய்த ஒருவர்கூடக் குடியை விடவில்லை. விட்டிருந்தது அவர் மட்டும்தான். பேசியதில் பிழைத்தது பேசியவர்.

அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் என்று கறாராகச் சொல்லி வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். வில்சன் உபதேசிக்கவில்லை, தான் குடித்த கதையைச் சொன்னார். அதற்குப் பிறகும் பாப் ஒருமுறை சறுக்கினார். அவருடைய கடைசிக் குடி ஜூன் 10 என்று கணக்கு. இயக்கத்தின் பிறந்தநாளும் அதுவே.

உங்கள் சண்டை பழைய சண்டை. 1939இல் அவர்கள் நூல் வெளிவருவதற்கு முன்பே, உள்ளே இருந்த நம்பிக்கையற்றவர்கள் மல்லுக்கட்டி, படிகளில் வரும் ‘கடவுள்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில்’ என்று சேர்க்க வைத்தார்கள். 1961இல் உளவியலாளர் கார்ல் யுங் வில்சனுக்கு எழுதிய கடிதத்தில், குடித்தாகமே ஆன்மத் தாகத்தின் கீழ்நிலை வடிவம் என்றார். லத்தீனில் மதுவுக்கும் ஆவிக்கும் ஒரே சொல் என்பதையும் சுட்டினார். அழகான கடிதம். விடியற்காலையில் கை நடுங்கும் ஆளிடம் அதை நான் வாசித்துக் காட்ட மாட்டேன்.

அண்ணனுக்கு அந்தச் சொல் உறுத்துகிறதா, அல்லது உங்களுக்கு மட்டுமா? அவருக்கும் உறுத்தினால், கடவுளை விட்டுவிட்டு நடக்கும் கூட்டங்களும் இதே இயக்கத்துக்குள் உண்டு, விசாரித்துப் பாருங்கள். அங்கேயும் ஒருவர் தன் குடியைப் பற்றித்தான் சொல்வார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.