பெர்சி ஸ்லெட்ஜின் பாடல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின இசையைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பெர்சி ஸ்லெட்ஜ் பாடிய ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ என்ற பாடலை ‘மிகக் கவனமாகக் கட்டப்பட்ட பாடல்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிட்டீர்கள். அந்த வரியோடு என்னால் உடன்பட முடியவில்லை. அந்தப் பாடலைப் பற்றித் தேடிப் படித்த எல்லாமே அதற்கு எதிராகத்தான் இருக்கின்றன. ஒரு மருத்துவமனை ஊழியர், காதலி பிரிந்து போன வேதனையில் மேடையில் வாய்க்கு வந்ததைப் பாடியிருக்கிறார். அதை ஒரு சிற்றூரில் பதிவுசெய்திருக்கிறார்கள். ஊதுகருவிகளின் சுருதி சேரவில்லை என்று மறுபடியும் பதிவுசெய்து அனுப்பியும், நிறுவனம் கைதவறிப் பழைய நாடாவையே வெளியிட்டுவிட்டதாம். அது முதலிடத்துக்குப் போயிருக்கிறது. இதில் கவனம் எங்கே இருக்கிறது? ஒரு மனிதனின் கதறல் தற்செயலாக நாடாவில் பதிந்துவிட்டது என்பதுதானே உண்மை?

இன்னொரு கேள்வியும் உண்டு. பாடலை இயற்றியவர்கள் பட்டியலில் ஸ்லெட்ஜின் பெயரே இல்லை. இது எப்படி நேர்ந்தது? அந்த ஒரு பாடலுக்குப் பிறகு அவர் சொல்லும்படியாக வேறெதுவும் பாடினாரா?

அன்புடன்,
எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

நீங்கள் அடுக்கியிருக்கும் செய்திகளோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. அவற்றிலிருந்து நீங்கள் வந்து சேரும் முடிவோடுதான் வேறுபடுகிறேன். உங்களுடைய முதல் கேள்வியும் இரண்டாவது கேள்வியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அலபாமா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், டென்னசி ஆற்றங்கரையில், ஃப்ளாரன்ஸ், ஷெஃபீல்ட், டஸ்கம்பியா, மஸில் ஷோல்ஸ் என்று நான்கு சிறிய ஊர்கள் அருகருகே இருக்கின்றன. அதே வட்டாரத்தில் லெய்ட்டன் என்ற ஊரில் பிறந்தவர் ஸ்லெட்ஜ். சிறுவயதில் பருத்திக் காட்டில் வேலை செய்தவர். ஷெஃபீல்டில் இருந்த மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளராக இருந்துகொண்டே, வார இறுதிகளில் எஸ்க்வயர்ஸ் என்ற குழுவோடு கல்லூரி விருந்துகளிலும் சிறிய அரங்குகளிலும் பாடி வந்தார். மேடையில் ஒருநாள் துயரம் தாங்காமல் அந்த மெட்டைப் பாடியதாகவும், பேஸ் கிட்டார் வாசித்த கால்வின் லூயிஸும் ஆர்கன் வாசித்த ஆண்ட்ரூ ரைட்டும் பின்னணி கொடுத்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அந்த மெட்டைப் பருத்திக் காட்டிலேயே முணுமுணுத்துக்கொண்டிருந்ததாகவும் இன்னோர் இடத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டில் எது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மெட்டு பல ஆண்டுகள் உள்ளே கிடந்து ஓர் இரவில் வெளியே வருவது இசைக்காரர்களின் வாழ்க்கையில் அரிய செய்தி அல்ல.

நீங்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறீர்கள். மேடையில் பாடியதும் நாம் இன்று கேட்பதும் ஒன்றல்ல. முதலில் அது ‘ஏன் என்னை விட்டுப் போனாய்’ என்கிற நேரடியான புலம்பலாக இருந்ததாகவும், பிறகுதான் ‘ஒருவன் ஒருத்தியைக் காதலிக்கும்போது’ என்று மாறியதாகவும் ஸ்லெட்ஜே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பாடலின் உயிரே இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். புலம்பல் தன்னைப் பற்றியே பேசுகிறது. கேட்பவர் இரக்கப்படலாம், அவ்வளவுதான். புதிய வடிவத்திலோ பாடுபவர் தன்னை மறைத்துக்கொண்டு, காதலிக்கிற எந்த ஆணுக்கும் நேர்வதைச் சொல்லத் தொடங்குகிறார். அவன் வேறு எதையும் நினைக்கமாட்டான், கையிலிருக்கும் கடைசிக் காசையும் செலவழிப்பான், அவளைக் குறை சொன்னால் உற்ற நண்பனையும் ஒதுக்குவான், அவள் சொன்னால் மழையிலும் படுத்துக் கிடப்பான் என்று எல்லாமே படர்க்கையில் செல்கின்றன. பாடலின் நடுவில் திடீரென்று ‘இதோ இந்த ஆண்’ என்று தன்னைச் சுட்டுகிறார்; ‘என்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தேனே, என்னிடம் இப்படி நடந்துகொள்ளாதே’ என்று தன்மைக்கு மாறுகிறார். உடனே மறுபடியும் படர்க்கைக்குள் ஒதுங்கிக்கொள்கிறார். ஊரார் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவரின் வாயிலிருந்து சொந்தக் கதை நழுவி விழுகிற அந்த ஓர் இடத்தை அடுத்தமுறை கேட்கும்போது கவனித்துப் பாருங்கள். தன் துயரத்தை இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்து, சட்டென்று காட்டிவிட்டு மூடிக்கொள்வது கலை தெரிந்தவர் செய்கிற காரியம்.

இசையமைப்பும் அப்படித்தான். ஷெஃபீல்டில் க்வின் ஐவி என்ற வானொலி அறிவிப்பாளர் இசைத்தட்டுக் கடையோடு ஒரு சிறிய ஸ்டூடியோவையும் நடத்தி வந்தார். நோராலா என்பது அதன் பெயர். ஐவியும் கிட்டார் கலைஞர் மார்லின் கிரீனும் தயாரிப்பாளர்கள். ஸ்பூனர் ஓல்டம் ஃபார்ஃபீசா ஆர்கனும், ஜூனியர் லோ பேஸ் கிட்டாரும், ராஜர் ஹாக்கின்ஸ் டிரம்ஸும் வாசித்தார்கள். பாடலின் அடித்தளம் எளிமையானது. நான்கு அடிகள், ஒவ்வோர் அடிக்குள்ளும் மும்மூன்று துடிப்புகள். நம் கணக்கில் திஸ்ர நடை என்று சொல்லிவிடலாம். கீழே பேஸ் கிட்டார் மேல் ஷட்ஜத்திலிருந்து ச, நி, த, ப, ம என்று படி இறங்கி, பஞ்சமத்தைத் தொட்டுவிட்டு ஷட்ஜத்துக்குத் திரும்புகிறது. பாடல் முழுவதும் பெரும்பாலும் இதே வட்டம்தான். தனியாகத் திரும்பத் திரும்ப வரும் பல்லவிகூடக் கிடையாது. தலைப்பு வரியே ஒவ்வொரு சரணத்தின் வாசலாக நிற்கிறது. கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் சுரங்களுக்கு மேலே, ஸ்லெட்ஜ் முதல் சொல்லையே தன் குரலின் உச்சத்துக்கு அருகில் எடுத்து நீட்டுகிறார். பொதுவாக இத்தகைய பாடல்கள் தணிந்த குரலில் தொடங்கி மெல்ல ஏறும். இது மேலே தொடங்கி அங்கேயே நிற்கிறது, கீழே தரை மட்டும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

இப்படி ஒரு குரல் முன்னால் நிற்கும்போது வாத்தியக்காரர்களுக்குக் கை துடிக்கும். இவர்கள் துடிக்கவிடவில்லை. ஓல்டமின் ஆர்கன் கூட்டுச் சுரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தேவாலயத்தில் கேட்பதுபோல, பின்னால் நிற்கிறது. ஃபார்ஃபீசா விலை குறைந்த, எடுத்துச் செல்லத்தக்க கருவி. அதில் அந்தக் கனத்தைக் கொண்டுவந்தது வாசித்தவரின் திறமை. ஹாக்கின்ஸ் கணக்கைக் காப்பதைத் தவிர அதிகமாக எதுவும் செய்வதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் மிகச் சிறந்த டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவராக அவர் மதிக்கப்பட்டதற்கு, எங்கே வாசிக்கக்கூடாது என்று தெரிந்திருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இப்போது நாடாவின் கதைக்கு வருகிறேன். நியூயார்க்கின் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெர்ரி வெக்ஸ்லர், மஸில் ஷோல்ஸில் ஃபேம் ஸ்டூடியோவை நடத்திய ரிக் ஹால் மூலமாக இந்தப் பதிவைக் கேள்விப்பட்டு வாங்கினார். ஊதுகருவிகள் சுருதி விலகியிருப்பதாகச் சொல்லி மறுபதிவு கேட்டார். அதையும் செய்து அனுப்பினார்கள். கடைசியில் வெளியானது பழைய நாடாதான் என்று அந்த வட்டாரத்தில் பலரும் சொல்லியிருக்கிறார்கள். இதை விபத்து என்று நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். ஆனால் ஊதுகருவிகள் பாடலின் இறுதிப் பகுதியில்தான் சேருகின்றன. அவை சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பாடல் தேய்ந்து மறைந்துவிடுகிறது. அதற்கு முன்பே செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடிக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு நாடாக்களில் எது வெளியாகியிருந்தாலும் இந்தக் குரலும் இந்த ஆர்கனும் இருந்திருக்கும். விபத்து, முடிந்த வேலையின் மேல் விழுந்த ஒரு கீறல். அந்தக் கீறல் எனக்கும் பிடித்தமானதுதான். அதுவே பாடலை உண்டாக்கியது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பதிவு நடந்த காலத்தையும் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்கள் இதே மாநிலத்தின் செல்மா பாலத்தில் 1965 மார்ச்சில் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அதற்கு ஓராண்டு கடப்பதற்குள், அதே அலபாமாவின் ஒரு சிறிய அறையில் ஒரு கறுப்பினப் பாடகரும் நான் மேலே பெயர் சொன்ன வெள்ளையின வாத்தியக்காரர்களும் சேர்ந்து இதைச் செய்தார்கள். வெளியே இருந்த அநீதியை இது கரைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்த அறைக்குள் யார் யாருக்கு இடம்விட்டு வாசித்தார்கள் என்பது ஒலியில் கேட்கிறது என்று மட்டும் சொல்வேன்.

1966 மே மாதக் கடைசியில் பாடல் பில்போர்ட் இசை இதழின் பொதுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம் இருந்தது. கறுப்பின இசைக்கான பட்டியலிலும் முதலிடம். அட்லாண்டிக் நிறுவனத்துக்கு முதல் தங்க இசைத்தட்டைத் தந்த பாடல் இதுதான் என்பார்கள். அதைவிட முக்கியமான விளைவு ஒன்று உண்டு: தெற்கின் இந்தச் சிறிய ஊர்களில் ஏதோ இருக்கிறது என்று நியூயார்க்கில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதே ஆண்டு பாடகர் வில்சன் பிக்கெட்டையும், 1967 ஜனவரியில் பாடகி அரீதா ஃப்ராங்க்ளினையும் வெக்ஸ்லர் மஸில் ஷோல்ஸுக்கு அழைத்து வந்தார். அரீதாவின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட அந்தப் பதிவிலும் ஓல்டமும் ஹாக்கின்ஸும் இருந்தார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பாடலை இயற்றியவர்கள் என்று பதிவாகியிருப்பவர்கள் லூயிஸும் ரைட்டும் மட்டுமே. அவர்கள் உதவியதற்கு நன்றியாக உரிமை முழுவதையும் தானே விட்டுக்கொடுத்ததாக ஸ்லெட்ஜ் சொன்னார். பிற்காலத்தில் அதற்காக மிகவும் வருந்தினார். அவர்கள் இருவரின் பங்கும் சிறியதல்ல. பாடல் நிற்பதற்கான சுரக்கட்டு இல்லாமல் மெட்டு மட்டும் பாடலாகிவிடாது. ஆனால் அந்த ஒரு கையெழுத்தின் விலை என்ன என்பதைப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலிகள் ஒரு பாடலை ஒலிபரப்பினால் இயற்றியவர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் தொகை தரவேண்டும். பாடியவருக்கோ வாசித்தவர்களுக்கோ எதுவும் தரவேண்டியதில்லை. இன்றைக்கும் அங்கே சட்டம் இதுதான். ஆக, 1966 தொடங்கி அந்த நாட்டு வானொலிகளில் அவர் குரல் கேட்ட ஒவ்வொரு முறையும் அந்த ஒலிபரப்பால் அவருக்குக் கிடைத்தது பூஜ்யம். 1987-இல் ஜீன்ஸ் விளம்பரம் ஒன்றின் வழியாக இங்கிலாந்தில் அந்தப் பழைய பதிவு மீண்டும் இரண்டாம் இடம்வரை ஏறியது. 1991-இல் மைக்கேல் போல்டன் அதே பாடலைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பெற்றார், அதற்காக கிராமி விருதும் பெற்றார். போல்டனின் விற்பனையிலிருந்து இயற்றியவர்களுக்குச் சேரும் பங்கு உண்டு. அதில் பெயர் இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டு கேள்விகளும் எனக்கு ஒன்றாகத் தெரிகின்றன. ஸ்லெட்ஜ் கதறினார், அது தானாகப் பாடலாகிவிட்டது என்று நீங்கள் அன்போடுதான் சொல்கிறீர்கள். ஆனால் கதறியவருக்கு எதற்குப் பங்கு என்ற எண்ணமும் அதே இடத்திலிருந்துதான் பிறக்கிறது. எழுதுவது வேலை, சுரம் அமைப்பது வேலை, பாடுவது மட்டும் மனதிலிருந்து கொட்டுவது என்று பிரித்துவிட்டால், கொட்டியவருக்குக் கைதட்டல் போதும் என்றாகிவிடும். அந்தப் பாட்டில் எந்தச் சொல்லை எவ்வளவு நேரம் பிடிப்பது, எங்கே குரலை உடையவிடுவது, எங்கே உடையாமல் காப்பது என்று அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் வேலைதான். ஓல்டமின் தொடக்க ஆர்கனுக்கும் இது பொருந்தும். அதற்கும் இயற்றியவர் பட்டியலில் இடமில்லை.

கடைசியாக, அவர் ஒற்றைப் பாடலோடு நின்றுவிட்டவர் அல்லர். 1966-லேயே ‘வார்ம் அண்ட் டெண்டர் லவ்’, டான் பென்னும் ஓல்டமும் எழுதிய ‘இட் டேர்ஸ் மீ அப்’, 1968-இல் ‘டேக் டைம் டு நோ ஹெர்’ ஆகியவையும் நன்றாக ஓடின. ஐவியும் கிரீனும்தான் இவற்றுக்கும் தயாரிப்பாளர்கள். 2015 ஏப்ரலில் இறக்கும்வரை அவர் பாடுவதை நிறுத்தவில்லை. நீங்கள் ‘இட் டேர்ஸ் மீ அப்’ பாடலிலிருந்து தொடங்குங்கள். தன் காதலியை வேறொருவனோடு பார்த்துவிட்ட ஒருவனின் பாடல் அது. முந்தைய பாடலில் உச்சத்திலேயே நின்ற அதே குரல் இதில் எவ்வளவு கீழே இறங்கி, ஏறக்குறையப் பேச்சாகத் தொடங்குகிறது என்று கேட்டுவிட்டு, அதுவும் தற்செயல்தானா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்