வாசகர் கேள்வி – பதில்: நிறம் மாறிய மாட்டிறைச்சியைச் சமைக்கலாமா?

கேள்வி: சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு கிலோ மாட்டிறைச்சி வாங்கி, கடையில் தந்த கவரோடு ஃபிரிட்ஜில் வைத்தேன். அப்போது பளிச்சென்று சிவப்பாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் எடுத்தால் பழுப்பாகக் கிடக்கிறது. கிழங்கு வேறு அவித்து வைத்தாயிற்று. சமைக்கலாமா, தூரப் போட வேண்டியதுதானா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நிறத்தை மட்டும் பார்த்துத் தூரப் போடாதீர்கள். இறைச்சிக்குச் சிவப்பைத் தருவது மயோகுளோபின் என்ற புரதம். வெட்டிய உடனே அது ஊதா கலந்த கருஞ்சிவப்பாக இருக்கும். காற்றுப் பட்டால் அரை மணி நேரத்துக்குள் பளிச்சென்று சிவந்துவிடும்; கடையில் நீங்கள் பார்த்தது அதைத்தான். நாள் ஆக ஆக அதே புரதம் பழுப்பேறும். கவருக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் துண்டுகள் இன்னும் சீக்கிரம் பழுப்பேறும். எருமை இறைச்சி என்றால் முதலிலேயே கறுத்துத்தான் இருக்கும், கொழுப்பு வெள்ளையாக இருக்கும். பசு, காளையின் கொழுப்பு மஞ்சளாக இருப்பது அது தின்ற பச்சைப் புல்லால் வருவது.

மூக்கையும் விரலையும் நம்புங்கள். கவரிலிருந்து எடுத்துத் தட்டில் பரப்பி ஐந்து நிமிடம் விடுங்கள். மூடிக் கிடந்த வாடை அதற்குள் போய்விடும். பிறகு முகர்ந்தால் நல்ல இறைச்சியில் லேசான இரும்பு வாடைதான் இருக்கும். புளிப்பு வாடையோ, அழுகிய முட்டை நாற்றமோ, மூக்கில் ஏறும் அம்மோனியா நெடியோ வந்தால் கெட்டுவிட்டது. எலும்பை ஒட்டிய இடத்தையும் மடிப்புகளையும் விரித்து முகருங்கள். அடுத்து, இரண்டு துண்டுகளைச் சேர்த்து அழுத்தி மெல்லப் பிரியுங்கள். ஈரமாக இருந்தால் தவறில்லை. நூல் நூலாக இழுத்தாலோ, விரலில் வழவழவென்று ஒட்டித் துடைத்தாலும் போகாமல் இருந்தாலோ, ஒரு சதுர சென்டிமீட்டரில் கோடிக்கணக்கான பாக்டீரியா பெருகிவிட்டது. வாடை அடிக்காவிட்டாலும் அதைச் சமைக்க வேண்டாம். தட்டில் வடியும் சிவப்பு நீர் ரத்தமல்ல, தசையிலிருந்து கசியும் நீர்தான்.

இந்தச் சோதனையில் தேறினாலும் நேரக் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற நோய்க்கிருமிகள் வாடையும் காட்டாது, வழவழப்பும் காட்டாது. 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருக்கும் ஃபிரிட்ஜில் துண்டு இறைச்சி 3 முதல் 5 நாள் தாங்கும். கொத்துக்கறியும் ஈரல் போன்ற உள்ளுறுப்புகளும் 1, 2 நாள்தான். உங்களுடையது இரண்டு இரவு. ஃபிரிட்ஜ் கணக்கில் பிழையில்லை. ஆனால் அதற்கு முன்னால் கடையில் எவ்வளவு நேரம் தொங்கியது? பச்சை இறைச்சி வெளியில் இருக்கலாம் என்பது மொத்தம் 2 மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். காலையில் அறுத்துச் சாயங்காலம்வரை கொக்கியில் தொங்கியது என்று தெரிந்தால், வாடை இல்லையென்றாலும் அதை விட்டுவிடுங்கள். வாங்கும் முன்னால் அறுத்த நேரத்தைக் கேளுங்கள். விடியற்காலையில் போய் வாங்குவதே நல்லது.

இரண்டு கிலோவை ஒரே கட்டாக வைத்ததும் சரியில்லை. வெளிப்பக்கம் சில்லென்று ஆன பிறகும் நடுப்பகுதி வெகுநேரம் குளிராது. அரைக் கிலோ வீதம் பிரித்து, இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மூடியுள்ள பாத்திரத்தில் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே வைத்தால் வடியும் நீர் கீரையிலும் பழத்திலும் படும்.

கேள்வி: லேசாக வாடை வந்த இறைச்சியை மஞ்சளும் வினிகரும் போட்டுக் கழுவி, குக்கரில் கூட நாலு விசில் விட்டால் போதும் என்கிறார் மாமியார். சரிதானா?
– வாசகி, தக்கலை

பதில்: போதாது. மஞ்சளும் வினிகரும் வாடையை மறைக்கும், கெட்டதைத் திருப்பிக் கொண்டுவராது. குக்கர் கிருமியைக் கொன்றுவிடும் என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பெருகும்போது நஞ்சு ஒன்றை விட்டுவைக்கிறது. கிருமி செத்த பிறகும் அந்த நஞ்சு கொதிக்கும் சூட்டைத் தாங்கி நிற்கும். சாப்பிட்ட அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி பிடுங்கும். அதனால் நாலு விசில் கூட விட்டுப் பயனில்லை. நல்ல இறைச்சியையும் குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள்; தெறிக்கும் நீர் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்திலெல்லாம் கிருமியைப் பரப்பும். கழுவியே ஆக வேண்டுமென்றால் பாத்திரத்து நீரில் மெல்ல அலசி, பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: காலையில் அறுத்ததைக் கண்ணெதிரே வாங்கினேன். எருமையும் அல்ல. ஆனாலும் கறுத்து, தொட்டால் பிசினாக இருந்தது. பழையதைக் கலந்துவிட்டார்களா?
– வாசகர், கருங்கல்

பதில்: அப்படி இருக்க வேண்டியதில்லை. லாரியில் நெடுந்தூரம் நின்றே வந்து, தீனியும் ஓய்வும் இல்லாமல் மிரண்டுபோன மாட்டின் தசையில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து தீர்ந்துவிடும். அறுத்த பிறகு அதிலிருந்துதான் லாக்டிக் அமிலம் உண்டாக வேண்டும். அமிலம் சேர்ந்தால் இறைச்சியின் பி.எச். (அமிலத்தைக் காட்டும் எண்; அமிலம் கூடினால் எண் குறையும்) 5.5 அளவுக்கு இறங்கும். சேராவிட்டால் 6-க்கு மேலேயே நின்றுவிடும். அத்தகைய இறைச்சி கறுத்து, பசையாக, உலர்ந்தாற்போல இருக்கும். தின்னலாம், தீங்கில்லை. ஆனால் அமிலம் குறைந்ததில் பாக்டீரியா வேகமாகப் பெருகும் என்பதால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள், ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்கு இழுக்க வேண்டாம்.

கேள்வி: மழையில் 9 மணி நேரம் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜிலும் ஃப்ரீசரிலும் இறைச்சி இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், குளச்சல்

பதில்: கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் 4 மணி நேரம்தான் குளிரைக் காக்கும். கீழே இருந்த பச்சை இறைச்சியைக் கொட்டிவிடுங்கள். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம் தாங்கும். துண்டுகளில் இன்னும் ஐஸ் படிகம் தெரிந்தால் திரும்ப உறைய வைக்கலாம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது கரண்ட் கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். கரண்ட் வந்த பிறகு நாணயம் அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த இறைச்சி வேண்டாம்.

கேள்வி: வெட்டிய இறைச்சியில் வானவில் மாதிரி பச்சை மினுக்கம் தெரிகிறது. விஷமா?
– வாசகி, குலசேகரம்

பதில்: இல்லை. தசைநார்களைக் குறுக்கே வெட்டிய இடத்தில் வெளிச்சம் சிதறுவதால் வருவது. துண்டைச் சாய்த்துப் பாருங்கள், மினுக்கம் நகரும் அல்லது மறையும். எப்படித் திருப்பினாலும் அதே இடத்தில் பச்சையாக நின்று, விரலுக்கு வழவழப்பும் தட்டுப்பட்டால் கொட்டிவிடுங்கள்.