சிவப்பாக இருந்தால் நல்ல கறியா?

கேள்வி: வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில்தான் இறைச்சி வாங்குகிறேன். போன வாரம் பளிச்சென்று சிவப்பாக இருந்த கொத்துக்கறி பாக்கெட் ஒன்றை எடுத்து வந்தேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே பழுப்பு. பழசை அடியில் வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று குப்பையில் போட்டுவிட்டேன். அதற்கு முந்தைய வாரம் வாங்கிய துண்டுக்கறி ஒரு மணி நேரம் வெந்தும் ரப்பர் மாதிரி இருந்தது, பாதி இன்னும் ஃபிரீசரில் கிடக்கிறது. எதைப் பார்த்துத்தான் வாங்குவது?

பதில்: அந்தக் கொத்துக்கறி பாவம், அனேகமாக நல்ல கறிதான். இறைச்சிக்கு நிறம் தருவது மயோகுளோபின் என்ற புரதம். காற்றே படாதபோது அது கருஞ்சிவப்பாக, கொஞ்சம் ஊதா கலந்தாற்போல இருக்கும். காற்று நன்றாகப் பட்டால் பளிச் சிவப்பு. காற்று அரைகுறையாக எட்டுகிற இடத்தில், அல்லது நாளாக ஆக, பழுப்பு. அதனால் பாக்கெட்டின் மேல்பக்கம் சிவப்பாகவும் உள்ளே பழுப்பாகவும் இருப்பதை வைத்து மட்டும் கடைக்காரர் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. பழுப்போடு புளித்த வாடையும் தொட்டால் வழவழப்பும் இருந்திருந்தால் நீங்கள் செய்தது சரி, ஆனால் அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லையே. இதில் இன்னொன்றும் உண்டு. சில பாக்கெட்டுகளில் ஆக்சிஜன் அதிகமுள்ள காற்றை அடைத்து மூடுவார்கள், அதனால் கறி கூடுதல் நாள் சிவப்பாகவே தெரியும். நிறத்தை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் ஏமாறலாம்.

நான் முதலில் பார்ப்பது தண்ணீரை. பாக்கெட்டைக் கையில் எடுத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கீழே ஓடும் சிவப்புத் தண்ணீர் ரத்தமில்லை, கறியிலிருந்து கசிந்த நீரில் அதே மயோகுளோபின் கலந்திருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. அடியில் வைத்திருக்கும் உறிஞ்சு அட்டை ஊறி உப்பி, அதற்கு மேலும் தண்ணீர் தேங்கி நின்றால், ஒன்று வெட்டி நாளாகியிருக்கும், இல்லையென்றால் உறையவைத்து இளக்கியதாக இருக்கும். உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் தசையின் செல்களைக் கிழித்துவிடும், இளகும்போது சாறெல்லாம் வெளியே வந்துவிடும். சமைத்தால் சக்கை. உறைந்த பாக்கெட் வாங்குகிறீர்கள் என்றால் உள்ளே பனிக்கட்டி கட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நடுவில் ஒருமுறையாவது குளிர் குறைந்து இளகியிருக்கலாம்.

அப்புறம், திறந்த குளிர்பெட்டியில் இவ்வளவு உயரம்வரைதான் அடுக்கலாம் என்று ஒரு கோடு இருக்கும். அதற்கு மேலே குவித்து வைத்த பாக்கெட்டுகளுக்குச் சரியாகக் குளிர் எட்டாது. கீழே இருந்து, பின்னாலிருந்து எடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கோழி என்றால் லேபிளைப் படியுங்கள். உப்புத் தண்ணீர் ஏற்றிய கோழி என்றால் பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும், அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் எடை போட்டு காசு வாங்குகிறார்கள். தோலின் மஞ்சள் நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அது பெரும்பாலும் தீனியைப் பொறுத்தது.

இப்போது ரப்பர் கறிக்கு வருவோம். இங்கே தப்பு கறியில் இல்லை, எந்தத் துண்டை எவ்வளவு நேரம் வேகவைத்தோம் என்பதில்தான் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது ஓயாமல் வேலை செய்த கால், தோள், கழுத்துப் பகுதிகளில் ஜவ்வு அதிகம். அந்த ஜவ்வு கரைந்து கொழகொழவென்று ஆக, ஈரத்தோடு சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும் (பிரஷர் குக்கரில் நேரம் நன்றாகக் குறையும்). ஒரு மணி நேரம் என்பது இருப்பதிலேயே மோசமான இடம்: தசை சூட்டில் சுருங்கி இறுகிவிட்டது, ஜவ்வு இன்னும் கரையவில்லை. முதுகுப் பகுதி நேர்மாறு. சட்டென்று வறுத்து இறக்கினால் மெத்தென்று இருக்கும், கொதிக்க விட்டால் காய்ந்துபோகும்.

வெட்டி வைத்த துண்டுக்கறி பாக்கெட்டை நான் வாங்குவதே இல்லை. அதில் பல இடத்துத் துண்டுகள் கலந்திருக்கும், ஒன்று வெந்து கரையும்போது இன்னொன்று கல்லாக நிற்கும். ஒரே பகுதியிலிருந்து முழுத்துண்டாக வாங்கி வீட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். கொத்துக்கறிக்கும் அதேதான், முழுத்துண்டைக் காட்டி உங்கள் கண்முன் அரைத்துத் தரச் சொல்லுங்கள். முழுத்துண்டில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்போடு நின்றுவிடும், அரைத்தால் உள்ளே எல்லா இடத்துக்கும் போய்விடும். அதனால்தான் கொத்துக்கறியை நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேகவைக்க வேண்டும், 4 டிகிரிக்குக் கீழே உள்ள ஃபிரிட்ஜிலும் ஓரிரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது.

வெட்டித் தருபவரிடம் "ஃபிரெஷ்ஷா?" என்று கேட்காதீர்கள், யாராவது இல்லை என்பார்களா? "இன்றைக்கு எது வெட்டினீர்கள், நான் இரண்டு மணி நேரம் வேகவைக்கப் போகிறேன், எந்த இடம் கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதிலில் ஒரு பகுதியின் பெயர் வந்தால் ஆள் விவரம் தெரிந்தவர்.

ஃபிரீசரில் இருக்கும் பாதியைத் தூக்கிப் போடாதீர்கள். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, மூழ்கும் அளவு தண்ணீரில், மூடி போட்டு, சிறு தீயில் இரண்டரை மணி நேரம் விடுங்கள். கரண்டியால் அழுத்தினால் நார் நாராகப் பிரியும். பிரியவில்லையா, இன்னும் அரை மணி நேரம்.