பழி போய்ச் சேரும் ஆள்

அன்புள்ள ஐயா,

1870களின் ஆஸ்திரேலியாவைக் களமாக வைத்து ஒரு சாகச நாவல் எழுதி வருகிறேன். நாயகன் ஒரு புஷ்ரேஞ்சர், அதாவது காட்டில் மறைந்து வாழும் கொள்ளைக்காரன். நெட் கெல்லி என்ற நிஜ புஷ்ரேஞ்சரின் வாழ்க்கையை ஒட்டி அமைத்திருக்கிறேன். தாயைப் பொய்வழக்கில் சிறைக்கு அனுப்பிய போலீஸ்காரனைக் கடைசி அத்தியாயத்தில் நாயகன் சுட்டுக் கொல்கிறான். வாசித்த நண்பர்கள் விறுவிறுப்பாக இருக்கிறது, ஆனால் மனதில் நிற்கவில்லை என்கிறார்கள். அந்தப் பழிவாங்கலில் நியாயம் தெரிய என்ன செய்ய வேண்டும்?

எம்.

அன்புள்ள எம்.,

கோளாறு அந்தக் கடைசி அத்தியாயத்தில்தான் இருக்கிறது. உங்கள் நாயகனுக்குச் சரியான ஆள் கிடைத்துவிடுகிறான். கெல்லிக்குக் கிடைக்கவில்லை.

1878 ஏப்ரல் 15 அன்று ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற கான்ஸ்டபிள், தம்பி டேனைக் கைது செய்ய கெல்லி வீட்டுக்குப் போனார். அங்கே தன்னைச் சுட்டார்கள் என்று புகார் கொடுத்தார். தாய் எலனுக்குக் கைக்குழந்தை இருந்தது. அந்த வழக்கில் அக்டோபரில் பீச்வொர்த் நீதிமன்றத்தில் நீதிபதி ரெட்மண்ட் பாரி அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தார். அதே மாதம் 26ஆம் தேதி, ஸ்டிரிங்கிபார்க் ஓடைக்கரையில் முகாமிட்டிருந்த நான்கு போலீஸாரைக் கெல்லியின் கூட்டம் மடக்கியது. ஒருவர் தப்பினார். லோனிகன், ஸ்கேன்லன், கென்னடி மூவரும் செத்தார்கள். லோனிகனோடு மட்டும் 1877இல் பெனல்லாவில் நடந்த கைகலப்பின் பகை இருந்தது. மற்ற இருவருக்கும் தாயின் வழக்கோடு சம்பந்தமே இல்லை. ஃபிட்ஸ்பாட்ரிக்கை 1880இல் வேலையை விட்டு நீக்கியதோ காவல்துறைதான். கெல்லியின் கை அவர்மேல் படவேயில்லை.

கென்னடியின் சாவை நிதானமாக எழுதுங்கள். மரங்களுக்கிடையே சுட்டுக்கொண்டே பின்வாங்கிய அவரைக் கெல்லி துரத்திப் போய் வீழ்த்தினார். குற்றுயிராகக் கிடந்தவரை நெஞ்சில் சுட்டு முடித்தார். பிறகு கென்னடியின் மேலங்கியாலேயே உடலை மூடினார். அவருடைய கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டார். மூடிய கையும் எடுத்த கையும் ஒன்றுதான். ஏன் மூடினார், ஏன் எடுத்தார் என்று விளக்காதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும்.

ஆனால் அந்த இடத்துக்கு வாசகர் வந்து சேர வேண்டுமானால் துப்பாக்கிக்கு முந்தைய பல ஆண்டுகள் வேண்டும். நீங்கள் அதை ஒரே பத்தியில் ‘போலீஸ் கொடுமை’ என்று முடித்துவிட்டீர்கள். கொடுமை நடந்தது காகிதத்தில். கெல்லி வாழ்ந்த விக்டோரியா காலனியின் 1869 நிலச் சட்டப்படி ஒருவர் 320 ஏக்கர் வரை எடுக்கலாம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங் கட்டவேண்டும். மூன்றாண்டுக்குள் அங்கே குடியிருந்து, வேலி போட்டு, பத்தில் ஒரு பங்கில் பயிர் வைத்துக் காட்டவேண்டும். இப்படி நிலம் எடுத்தவர்கள் செலெக்டர்கள். ஏற்கெனவே ஆயிரக்கணக்கான ஏக்கரை வளைத்து மந்தை மேய்த்தவர்கள் ஸ்குவாட்டர்கள். ஏழை செலெக்டரின் வேலி அரைகுறையாக நிற்கும். குதிரை வேலி தாண்டினால் ஸ்குவாட்டரின் ஆள் அதைப் பட்டியில் அடைப்பான். அபராதத்தோடு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தீனிச் செலவும் ஏறும். கட்டி மீட்காவிட்டால் ஏலம். உழவுக் குதிரை போனால் பயிர் இல்லை, பயிர் இல்லாவிட்டால் நிலமும் இல்லை. நம் ஊர்க் கால்நடைப் பட்டிகளும் 1871 கால்நடை அத்துமீறல் சட்டத்தின் கீழ் இதே முறையில்தான் நடந்தன என்பதால் தமிழ் வாசகருக்கு இது சட்டென்று பிடிபடும். அரசுச் சாலையில் நின்ற மாட்டைக்கூட ஓட்டிப்போய் அடைத்தார்கள் என்று கெல்லியே எழுதியிருக்கிறார். கொலைக்கு முன் குறைந்தது ஒரு பட்டிக் காட்சியாவது வையுங்கள்.

கொலைகளுக்குப் பிறகு வந்த சட்டம், சரணடையச் சொல்லாமலே அவர்களைச் சுட அனுமதித்தது. அடைக்கலம் கொடுத்தவருக்கு 15 ஆண்டு வரை சிறை. 1879 ஜனவரியில் ஆதரவாளர்கள் என்று இருபதுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்து, சாட்சியம் எதுவும் காட்டாமல் சிலரை ஏப்ரல் வரை உள்ளே வைத்தார்கள். அறுவடைக் காலம் அது. கெல்லி பக்கம் சாயாதிருந்தவர்களையும் அவர் பக்கம் தள்ளியது இந்தக் கைதுகள்தான்.

உங்கள் கதையில் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் ஒருவர்கூட இல்லை. ஸ்குவாட்டரும் செலெக்டரும் சண்டையிட்ட நிலம் அவர்களுடையது. கெல்லியைத் தேடக் குயின்ஸ்லாந்திலிருந்து வந்த பழங்குடித் தடம் பார்ப்பவர்களுக்குப் பரிசுத் தொகையில் தலைக்கு 50 பவுண்டு ஒதுக்கினார்கள். ஆனால் பணத்தை அவர்கள் கையில் கொடுக்க மறுத்துவிட்டார்கள். இதை விட்டுவிட்டு நியாயத்தைப் பற்றி எழுத முடியாது.

ஆயுத விஷயத்தில் இரண்டு பிழைகள். மருந்து இடிக்கும் ரிவால்வரில் உங்கள் நாயகன் இருபது குண்டு தொடர்ந்து சுடுகிறான். அதில் ஆறு அறைதான். ஒவ்வொன்றிலும் மருந்து கொட்டி, ஈயக்குண்டை இடித்து, பின்னால் கேப்பு என்ற சிறு வெடிமூடியை மாட்டவேண்டும். ஈரம் பட்டால் வெடிக்காது. அடுத்தது கவசம். கலப்பையில் மண்ணைப் புரட்டும் தகடுகளை அடித்துச் செய்தது, எடை சுமார் 44 கிலோ. அதை மாட்டிக்கொண்டு உங்கள் நாயகன் ஓடுகிறான். 1880 ஜூன் 28 அன்று கிளென்ரோவனில் போலீஸோடு நடந்த கடைசி மோதலில் கெல்லி தள்ளாடித்தான் நடந்தார். கவசம் மூடாத கால்களில் சுட்டுத்தான் சார்ஜென்ட் ஸ்டீல் அவரை வீழ்த்தினார்.

முடிவுக்கு வருகிறேன். கெல்லிக்குத் தூக்கு விதித்ததும் பாரிதான். கெல்லியைத் தூக்கிலிட்ட பன்னிரண்டாம் நாள் பாரி நோயில் இறந்தார். அதைத் தெய்வத் தீர்ப்பாக்கி முடிக்க உங்களுக்கு ஆசை வரும். வேண்டாம். 1880 நவம்பர் 11 அன்று மெல்போர்ன் சிறையில் மகனைத் தூக்கிலிட்டபோது, தாய் எலனும் அதே சிறையில்தான் இருந்தார். அவருடைய மூன்றாண்டு இன்னும் முடியவில்லை. நாவலை அவர் பக்கம் நின்று முடித்துப் பாருங்கள்.