டிஸ்னியைப் பார் என்கிறார் அப்பா

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 38. எங்கள் நிறுவனம் 1980களில் சிங்கப்பூர்த் தேக்காவில் அப்பா ஆரம்பித்த வீடியோ கேசட் கடையிலிருந்து வளர்ந்தது. பிறகு தமிழ்ப் படங்களை வாங்கி இங்கேயும் மலேசியாவிலும் வெளியிட்டோம். நட்சத்திரக் கலைநிகழ்ச்சிகளும் நடத்துகிறோம். இரண்டு வருடங்களுக்கு முன் அப்பா என்னை நிர்வாக இயக்குநர் ஆக்கினார். ஆனால் 71 வயதிலும் தினமும் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் வந்துவிடுகிறார். சென்னைத் தயாரிப்பாளர்கள் அவரிடம்தான் பேசுகிறார்கள். எனக்குத் தெரியாமலேயே எம்.ஜி. தொகையை, அதாவது படத்துக்காகத் தயாரிப்பாளருக்குத் தருவதாக உறுதி சொல்லும் குறைந்தபட்சப் பணத்தை, பேசி முடித்துவிடுகிறார். ஓடிடி வந்தபின் தியேட்டர் வசூல் பாதியாகிவிட்டது. நாமே ஒரு ஸ்ட்ரீமிங் ஆப் தொடங்கலாம் என்று இரண்டு இளைஞர்களை எடுத்து டிஜிட்டல் பிரிவு அமைத்தேன். எந்தப் படத்தை வாங்குவது என்பதை இனி அவர்கள் முடிவு செய்வார்கள் என்று 26 வருடமாக இருக்கும் மேனேஜர் அண்ணனிடம் சொன்னேன். அவர் நேராக அப்பாவிடம் போய்விட்டார். இப்போது அப்பா, "டிஸ்னியிலேயே புது ஆள் சரிப்படவில்லை என்று பழைய ஆளைத்தானே திரும்பக் கூப்பிட்டார்கள்? நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். பங்கில் அப்பாவுக்கு 70 விழுக்காடு, மெல்பர்னில் இருக்கும் அண்ணனுக்கு 20, எனக்கு 10. ஆப்பைத் தொடங்கலாமா? அப்பாவை ஓய்வெடுக்க எப்படிச் சொல்வது?
பெயர் வேண்டாம், சிராங்கூன் சாலை

பதில்: உங்கள் அப்பா டிஸ்னியைப் பற்றிச் சொன்னது உண்மைதான், ஆனால் கதையை நடுவிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

பாப் ஐகர் 2005இல் அங்கே தலைமைச் செயல் அதிகாரி ஆனவர். ஓய்வு பெறப்போகிறேன் என்று சொல்லிப் பலமுறை தள்ளிப்போட்டவர். அடுத்தவர் இவர்தான் என்று எல்லாரும் நினைத்த டாம் ஸ்டாக்ஸ் 2016இல் வெளியேறிவிட்டார். கடைசியாக 2020 பிப்ரவரி 25ஆம் தேதி, முன்னறிவிப்பே இல்லாமல் பாப் சேப்பக்கிடம் பதவி போனது. ஐகர் போனாரா? இல்லை. 2021 முடியும்வரை நிர்வாகத் தலைவராக இருந்து படைப்பு சம்பந்தமான வேலைகளைத் தானே பார்ப்பதாக ஏற்பாடு. சினிமா எடுக்கிற நிறுவனத்தில் படைப்பை ஒருவர் வைத்துக்கொண்டால் மற்றவரிடம் என்ன இருக்கும்? சில வாரங்களில் கொவிட் வந்து அமெரிக்காவில் டிஸ்னியின் கேளிக்கைப் பூங்காக்களும் மூடின. புது ஆளுக்கு முதல் மாதமே இப்படி விடிந்தது.

2022 ஜூனில் சேப்பக்கின் ஒப்பந்தத்தை மூன்று ஆண்டுகளுக்கு நீட்டித்த அதே இயக்குநர் குழு, ஐந்தே மாதத்தில், நவம்பர் 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு அவரை அனுப்பிவிட்டு ஐகரைக் கூப்பிட்டது. இவ்வளவு தூரம் அப்பா சொல்வது சரி. ஆனால் அந்தத் தோல்வியில் சேப்பக்கின் பங்கு எவ்வளவு, பாதிக் கையை விடாத ஐகரின் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் இரண்டு வருடக் கணக்கும் அதே கதிதான். எந்தப் படத்தில் கையைச் சுட்டுக்கொண்டது உங்களால், எது அப்பா பேசிய எம்.ஜி. தொகையால் என்று உங்கள் கணக்காளரால் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் நீங்கள் திறமைசாலியா இல்லையா என்று அப்பாவுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அப்பாவிடம் பேச வேண்டியது இதைத்தான். ஓய்வைப் பற்றி இப்போது பேசாதீர்கள்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சேப்பக் 2020 அக்டோபரில் செய்த பெரிய மாற்றம் என்ன தெரியுமா? படம் எடுப்பவர்களிடமிருந்து, அதை எங்கே எப்படி வெளியிடுவது என்ற முடிவையும் வரவு செலவுப் பொறுப்பையும் பிடுங்கி, புதிதாக ஒரு விநியோகப் பிரிவிடம் கொடுத்தார். காலங்காலமாக ஸ்டூடியோவை நடத்தியவர்கள் மனம் கசந்து போனார்கள். ஐகர் திரும்பி வந்த மறுநாளே அந்தப் பிரிவைக் கலைக்கும் வேலையைத் தொடங்கினார், அதன் தலைவரும் வெளியேறினார். நீங்கள் மேனேஜர் அண்ணனுக்குச் செய்தது ஏறக்குறைய இதுவே. எந்த நடிகர் படத்துக்கு உட்லண்ட்ஸிலிருந்து கூட்டம் வரும், எது முதல் ஞாயிற்றுக்கிழமையோடு படுத்துவிடும் என்று 26 வருடமாகத் தெரிந்து வைத்திருப்பவரை, நேற்று வந்த இரண்டு பேரைக் கேட்டு நடக்கச் சொன்னால் அவர் எங்கே போவார்? அப்பாவிடம்தான். படத் தேர்வை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். இளைஞர்கள் விளம்பரத்தையும் டிக்கெட் விற்பனையையும் பார்க்கட்டும்.

இனி ஆப். வேண்டாம்.

ஆசையைக் கிள்ளுவதற்காகச் சொல்லவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் சிங்கப்பூருக்கு வந்தது. டிஸ்னி பிளஸ் 2021 பிப்ரவரியில் மாதம் 11.98 வெள்ளிக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, ஜூன் மாதத்தில், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த டிஸ்னி சேனல்களை இங்கே கேபிளில் நிறுத்திவிட்டார்கள். கேபிள் நிறுவனங்கள் கொடுத்துக்கொண்டிருந்த நிச்சயமான காசை விட்டுவிட்டு ஸ்ட்ரீமிங்கை நம்பி இறங்கினார்கள். மிக்கி மவுஸ், மார்வல், ஸ்டார் வார்ஸ், பிக்ஸார் எல்லாம் சொந்தச் சொத்தாக இருந்தும் 2022 நிதியாண்டில் மட்டும் அந்தப் பிரிவில் சுமார் 4 பில்லியன் அமெரிக்க டாலர் நஷ்டம். அடுத்த பிப்ரவரியில் 7,000 வேலைகளைக் குறைப்பதாக ஐகர் அறிவித்தார். ஸ்ட்ரீமிங் முழுவதையும் சேர்த்து அவர்கள் முதல் லாபக் காலாண்டைப் பார்த்தது 2024 ஜூனோடு முடிந்த காலாண்டில். அதுவும் 47 மில்லியன் டாலர்தான். அவ்வளவு பெரிய யானைக்கு அது பொரிகடலை.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை, டிஸ்னியின் இந்திய ஸ்ட்ரீமிங் தளமாக இருந்த ஹாட்ஸ்டாருடையது. 2022 கடைசியில் டிஸ்னி பிளஸ் சந்தாதாரர் 16 கோடிப் பேருக்கு மேல் என்றார்கள். அதில் 6 கோடிக்கு மேல் ஹாட்ஸ்டார் ஆட்கள். அந்த ஆண்டே ஐபிஎல் கிரிக்கெட்டின் இணைய ஒளிபரப்பு உரிமை ஏலத்தில் வேறு நிறுவனத்துக்குப் போயிருந்தது. ஓராண்டுக்குள் சுமார் 2 கோடிப் பேர் கழன்றுகொண்டார்கள். கிரிக்கெட் ஹாட்ஸ்டாருடையது அல்ல, ஏலத்தில் சில ஆண்டுகளுக்கு எடுத்தது. கெடு முடிந்ததும் கூட்டம் கிரிக்கெட் போன பக்கம் போய்விட்டது. கடைசியில் 2024 நவம்பரில் டிஸ்னி தன் இந்தியத் தொழிலை ரிலையன்ஸோடு இணைத்துவிட்டது.

உங்கள் பீரோவில் இருக்கும் ஒப்பந்தங்களை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் என்ன எழுதியிருக்கும்? சிங்கப்பூர், மலேசியா, திரையரங்கு வெளியீடு, இத்தனை ஆண்டு. பழைய ஒப்பந்தங்களில் வீடியோ கேசட், விசிடி உரிமை இருக்கலாம், அதில் ஸ்ட்ரீமிங் அடங்காது என்று தயாரிப்பாளரின் வக்கீல் முதல் நாளே சொல்வார். புதுப் படங்களின் ஓடிடி உரிமையோ சென்னையிலோ மும்பையிலோ முதலிலேயே விற்றுப்போயிருக்கும். 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டரைத் தொடாமலேயே அமேசான் பிரைமில் வந்தபோதே, நடுவில் நிற்கும் விநியோகஸ்தரைக் கேட்காமல் காரியம் நடக்கும் என்பது தெரிந்துவிட்டது. ஆப்பில் எதைப் போடுவீர்கள்?

வாடிக்கையாளர் எண்ணிக்கையையும் பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. அவர்களில் பலர் ஏற்கெனவே இரண்டு மூன்று சந்தா கட்டுகிறார்கள், அல்லது அக்கா வீட்டுக் கடவுச்சொல்லில் பார்க்கிறார்கள். (ஆமாம், நீங்களும்தான்.)

உங்கள் கிடங்கில் கலைநிகழ்ச்சிகளின் பழைய பதிவு நாடாக்கள் இருந்தால் அது வேறு கதை. அவற்றை நாசமாகாமல் டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். அதற்காகவும் ஆப் தேவையில்லை. பாடல்களுக்கு உரிமை வாங்க வேண்டும். மேடையில் பாட, இசை உரிமைகளைக் கவனிக்கும் காம்பாஸ் அமைப்பிடம் வாங்கிய அனுமதி இணையத்தில் போடுவதற்குச் செல்லாது. கலைஞர்களின் சம்மதமும் வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக இருந்தால் ஏதாவது ஒரு தளத்துக்கு விற்றுவிட்டுப் போகலாம்.

தியேட்டர் வசூல் குறைந்ததற்கு ஓடிடி மட்டும்தான் காரணம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 1930களில் லோக் குடும்பம் தொடங்கிய கேத்தேயை நினைத்துப் பாருங்கள். குடும்பத்தின் கையிலிருந்த கேத்தே நிறுவனம் தன் திரையரங்குகளை 2017இல் எம்எம்2 நிறுவனத்துக்கு 230 மில்லியன் வெள்ளிக்கு விற்றது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி அவற்றில் எஞ்சியிருந்தவையும் மூடப்பட்டன. ஸ்ட்ரீமிங் ஒரு பக்கம் அடித்தது, வாடகைப் பாக்கியும் கடனும் மறுபக்கம் அடித்தன. உங்கள் எம்.ஜி. தொகையும் வாடகை மாதிரிதான், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டியாக வேண்டும். வீட்டில் எல்லாரும் ஓடிடியைத் திட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தொகை அதிகமா என்று கேட்க ஆளிருக்காது. நான்கு வாரத்தில் வீட்டுக்கே வந்துவிடும் படத்துக்குப் பத்து வருடத்துக்கு முந்தைய விலையை இன்னும் கொடுக்கிறீர்களா? முதலில் அதைப் பாருங்கள்.

பணம் எங்கே இருக்கிறது என்பதற்கும் டிஸ்னியையே சாட்சிக்கு அழைக்கிறேன். இத்தனை ஸ்ட்ரீமிங் பேச்சுக்குப் பிறகும் அவர்களின் செயல்பாட்டு லாபத்தில் பாதிக்கு மேல் பூங்காக்கள், கப்பல்கள் பிரிவிலிருந்து வருகிறது. ஐகருக்கு அடுத்ததாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோஷ் டமாரோ அந்தப் பிரிவின் தலைவராக இருந்தவர். 2026 மார்ச்சில் அவர் பொறுப்பேற்ற அதே மாதம்தான் டிஸ்னி அட்வென்ச்சர் கப்பல் நம் மரீனா பே துறையிலிருந்து பயணத்தைத் தொடங்கியது. மனிதர்கள் நேரில் வந்து நிற்கும் தொழில் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரும் ஊழியர் தம்பிகளுக்கும், தாத்தா பாட்டியோடு வரும் குடும்பங்களுக்கும் கலைநிகழ்ச்சியும் முதல் நாள் காட்சியும் கைப்பேசியில் கிடைக்காது. ஆப்புக்கு ஒதுக்கிய காசை அங்கே போடுங்கள். பெரிய அரங்கில் ஒன்றுக்குப் பதில் சிறிய அரங்கில் நான்கு நடத்திப் பாருங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது கடைசி வரிக்கு முன்னால் இருக்கும் அந்த மூன்று எண்கள். 70, 20, 10. அப்பா உயில் எழுதியிருக்கிறாரா? எழுதாமல் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இங்கே சட்டப்படி மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. அம்மாவுக்கு 35 விழுக்காடு, அண்ணனுக்கு 37.5, உங்களுக்கு 27.5. தினமும் கடையைத் திறப்பது நீங்கள், அதிகப் பங்கு வைத்திருப்பது மெல்பர்னில் இருக்கும் அண்ணன். அவர் தங்கமானவராகவே இருக்கட்டும், அண்ணிக்கு வீடு வாங்கப் பணம் தேவைப்படாதா?

அப்பாவிடம் "போங்கள்" என்று சொல்லாமல், "எழுதிவையுங்கள்" என்று கேளுங்கள். உயில் ஒன்று. நினைவு தடுமாறும் நிலை வந்தால் யார் கையெழுத்துப் போடுவது என்பதற்கு நீடித்த அதிகாரப் பத்திரம் ஒன்று. உங்கள் பங்கை உயர்த்தும் மாற்றம் ஒன்று. பங்கு மாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை விலை அல்லது மதிப்பு, எது அதிகமோ அதில் 0.2 விழுக்காடு. வாரிசு வரி பயம் அப்பாவுக்கு இருந்தால், இறந்தவர் சொத்து மீதான தீர்வை 2008லேயே போய்விட்டது என்று சொல்லுங்கள். நிறுவனம் வங்கியில் கடன் வாங்கியிருந்தால் தனிநபர் உத்தரவாதத்தில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் பெயர் இருந்து பங்கு பத்தோடு நின்றால் அது அநியாயம், அப்படியே சொல்லலாம்.

அப்பாவுக்கு அலுவலகத்தில் ஒரு வேலை இருக்கட்டும், சென்னைப் பேச்சுவார்த்தை. அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது, அங்கே இருக்கும் தயாரிப்பாளர்களுக்கு அவர் குரல்தான் உங்கள் நிறுவனம். ஆனால் ஒரு உச்சவரம்பு வேண்டும். அதற்கு மேல் ஒரு வெள்ளி போனாலும் உங்கள் கையெழுத்து இல்லாமல் நடக்கக் கூடாது. வங்கிக்கும் அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். இந்த ஏற்பாட்டுக்குத் தேதியும் போடுங்கள். டமாரோ வந்தபோது ஐகரை 2026 டிசம்பர் 31வரை ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள், முடியும் தேதியோடு. போன தடவை பட்டதிலிருந்து கற்றுக்கொண்டார்கள் போலிருக்கிறது. "டிஸ்னியைப் பார்" என்று சொன்னவரிடம் இதையும் காட்டலாம்.

இதை அலுவலகத்தில் பேசாதீர்கள். ஊழியர்கள் முன்னால் அவர் முதலாளி, வீட்டில்தான் அப்பா. அம்மா கூடவே உட்காரட்டும், 35 விழுக்காட்டு விஷயத்தை அவரும் கேட்கட்டும். ஒன்பது மணிக்கு அலுவலகம் வருவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், நாற்பது வருடப் பழக்கம், வந்துவிட்டுப் போகட்டும். அன்றே முடிவு கிடைக்காது. மூன்று நாள் பேசாமல் இருப்பார், சாப்பாட்டில் உப்பில்லை என்பார். விடுங்கள், நான்காம் நாள் தானாக வந்து "எவ்வளவு உச்சவரம்பு?" என்று கேட்பார்.

அதற்கு முன்னால் அண்ணனிடம் பேசிவிடுங்கள், அப்பா வாயிலாக அவருக்குச் செய்தி போகக் கூடாது. நம் நேரம் இரவு ஒன்பதென்றால் அங்கே பதினொன்றுக்குக் குறையாது, தூக்கக் கலக்கத்தில் பங்குப் பேச்சு உதவாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுங்கள்.