மலையில பொறந்துட்டு குளிர் புடிக்கலன்னா தப்பா அக்கா?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 36 வயசு, நுவரெலியாவுக்கு கிட்ட ஒரு தோட்டத்து ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன், அவருக்கு டவுன்ல வேலை, மகன் ஸ்கூல்ல ரெண்டாம் ஆண்டு படிக்கிறான். பிரச்சினைய சொன்னா நீங்களும் சிரிப்பீங்க, எல்லாரும் சிரிச்சி முடிச்சிட்டாங்க. எனக்கு குளிர் புடிக்காது. சும்மா இல்ல அக்கா, வெறுப்பு.

தோட்டத்துல பொறந்து வளந்தவதான் நான். லயத்துல 10க்கு 12 அடி காம்பரா, அந்த ஒரே ரூம்ல ஆறு பேரு, மழை பெஞ்சா தகரத்துல இருந்து சொட்டும், கீழ ஒரு சட்டி வைப்போம், ராத்திரி பூரா டக் டக்குன்னு அந்த சத்தம்தான். விடிய அஞ்சு மணிக்கு தண்ணி கொட்டுற பீலிக்கு கீழ தலைய குடுத்தா மூச்சு நின்னு நின்னு வரும். அம்மா மழையில கொழுந்து பறிச்சிட்டு வந்து இடுப்புல கட்டியிருந்த நனஞ்ச படங்க வாசல் இஸ்தோப்புல தொங்க போட்டுட்டு அடுப்புக்கு முன்னால கைய நீட்டிக்கிட்டு பேசாம உக்காந்திருப்பாங்க, விரல் எல்லாம் வெளுத்து சுருங்கி போயிருக்கும், கொழுந்து கறை மட்டும் கறுப்பா தெரியும்.

22 வயசுல கொழும்பு வெள்ளவத்தையில ஒரு துணிக்கடைக்கு வேலைக்கு போனேன், நாலு வருஷம். போர்டிங்ல நாலு பேருக்கு ஒரு ஃபேன், வேர்த்து ஊத்தும், மத்தவளுங்க எல்லாம் புலம்புவாளுங்க, நான் பாயில கைய கால விரிச்சிக்கிட்டு தூங்குவேன். வாழ்க்கையில முதல் தடவையா சுருண்டு படுக்காம தூங்கினது அங்கதான்.

அப்புறம் டீச்சர் அப்பொய்ன்மென்ட், கல்யாணம், திரும்ப மேல வந்தாச்சு. அவருக்கு குளிர்னா உசிரு. ராத்திரி ஜன்னல் திறந்திருக்கணும், மூடினா மூச்சு முட்டுதும்பாரு. நான் சொக்ஸ், ஸ்வெட்டர், மப்ளர் போட்டு ரெண்டு கம்பளிக்குள்ள கிடக்குறத போட்டோ எடுத்து ஃபெமிலி குரூப்ல "எங்க வீட்டு மூட்டை"ன்னு போட்டாரு. ஏப்ரல் சீசனுக்கு கொழும்புல இருந்து நாத்தனார் வந்தா "குடுத்து வச்சவங்க நீங்க, ஓசியில ஏசி"ன்னுவாங்க. மூணு நாள் இருந்துட்டு ஸ்ட்ரோபெரி வாங்கிக்கிட்டு எறங்கிருவாங்க.

இப்ப நான் கொழும்பு பக்கம் ட்ரான்ஸ்ஃபர் கேட்டு ஃபோர்ம் நிரப்பி வச்சிருக்கேன். ரெண்டு மாசமா கைப்பைக்குள்ளயே கிடக்கு, அவருக்கு தெரியாது. ஒரு குளிருக்காக குடும்பத்த பிரட்டி போட பாக்குறேனா? எனக்கு மனசுல ஏதும் கோளாறா?

— பேர் வேணாம், நுவரெலியா மாவட்டம்

தங்கச்சி,

நான் சிரிக்கல. நானும் ஹட்டன்காரிதான், ஜூலையில காயாத யூனிஃபோர்ம அடுப்புக்கு மேல கொடி கட்டி போட்டு, அந்த பொக நாத்தத்தோடயே ஸ்கூலுக்கு போனவ.

மனசுக்கு வர்றதுக்கு முன்னால ஒடம்ப பாத்துருங்க. தைரொய்ட் குறைவா சுரந்தாலும் சரி இரத்தசோகை இருந்தாலும் சரி குளிர் தாங்காது, அதோட களைப்பு, முடி கொட்டுறது, மாசாமாசம் கூடுதலா இரத்தம் போறதுன்னு ஏதாவது இருந்தா கட்டாயம் பாக்கணும். டொக்டர்கிட்ட சொல்லி ஹீமோகுளோபினும், தைரொய்டுக்கு பாக்குற டிஎஸ்எச்சும் எடுங்க.

அதுல ஒண்ணும் இல்லன்னா, குளிர் புடிக்காதது கோளாறு இல்ல. பொதுவா பொம்பளைங்க ஒடம்புல தசை குறைவு, சும்மா இருக்கும்போது உண்டாகுற சூடும் குறைவு. ஓபிஸ்ல ஏசி வைக்கிற அளவே 1960கள்ல ஒரு ஆம்பள ஒடம்ப வச்சு போட்ட கணக்குதான்னு 2015ல நெதர்லாந்து ஆய்வாளர்கள் ரெண்டு பேர் எழுதினாங்க. அதனால ஒரே ரூம்ல அவருக்கு சுகமாவும் உங்களுக்கு நடுக்கமாவும் இருக்குன்னா ரெண்டு பேரும் உண்மையதான் சொல்றீங்க.

உங்க நாத்தனார் கதைக்கிற குளிர் வேற. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், 1,000 மீட்டர் ஏறினா சுமாரா 6.5 டிகிரி குறையும், அப்ப கொழும்ப விட 12 டிகிரி கிட்ட குறைவு, வேர்த்து வழிஞ்சிட்டு வர்றவங்களுக்கு அது சொர்க்கம்தான். அவங்க வர்றதும் ஏப்ரல்ல, சுடுதண்ணி வர்ற பாத்ரூம் உள்ள எடத்துக்கு. கணக்குக்கு பாத்தா ஜனவரி, பெப்ரவரி ராத்திரிதான் கூட குளிர், பனி உறைஞ்சி கொழுந்தே கருகும், ஆனா விடிஞ்சா வெயில் வந்துரும். ஜூன் ஜூலையில அவ்வளவு எறங்காது, ஆனாலும் மழை, காத்து, காயாத துணி. தண்ணி காத்த விட சுமார் 25 மடங்கு வேகமா சூட்ட இழுத்துக்கும், ஈரத்தோட நிக்கிறவங்களுக்கு தெர்மோமீட்டர் நம்பர் எல்லாம் கணக்கே இல்ல. உங்கம்மா நின்னது அந்த குளிர்ல.

சின்ன வயசுல அடிபட்டதாலதான் குளிர் வெறுப்புன்னு நான் எழுதுவேன்னு எதிர்பாத்திருப்பீங்க. எல்லாத்துக்கும் சின்ன வயசுல காரணம் தோண்டுறது எங்க தொழில்ல உள்ள ஒரு கெட்ட பழக்கம். கொஞ்சம் அதுவும் இருக்கலாம், ஆனா அதே லயத்துல வளந்துட்டு குளிர்தான் வேணும்னு சொல்றவங்களயும் எனக்கு தெரியும்.

எனக்கு ரெண்டு விஷயம் உறுத்துது. ஒண்ணு அந்த போட்டோ. உங்க கோவத்துல பாதி ஜன்னல் மேல இல்ல, அது மேலதான்னு நினைக்கிறேன், அத நேரா அவருகிட்ட சொல்லிருக்கீங்களா? குளிருது குளிருதுன்னு சொன்னா அவரு இன்னொரு கம்பளிதான் எடுத்து தருவாரு. ரெண்டாவது அந்த ஃபோர்ம். ட்ரான்ஸ்ஃபர் கேக்குறது தப்பே இல்ல, ஆனா ஓர்டர் வந்தப்புறம் அவருக்கு தெரிஞ்சா அப்புறம் குளிர பத்தி யாரும் பேச மாட்டாங்க. காட்டிருங்க. காட்டும்போது ஏன் அவருக்கு மூடின ரூம் ஆகாதுன்னும் கேளுங்க, இவ்வளவு நீள கடிதத்துல அவரு பக்கம் ஒரு வரிதான் இருக்கு.

இன்னொண்ணு, கோவிக்காதீங்க. வெள்ளவத்தையில உங்களுக்கு புடிச்சது வெயில் மட்டுமா, இல்ல சொந்த சம்பளமும் யாருக்கும் பதில் சொல்ல தேவையில்லாத 22 வயசும் சேத்தா? ரெண்டும்னாலும் சரிதான். ஏப்ரல் லீவுல மகனோட ரெண்டு வாரம் எறங்கி இருந்து பாருங்க. அந்த மாசம் முதல் பாதியில சூரியன் நம்ம தலைக்கு நேரா வரும், கொழும்புல வேர்வை காயவே காயாது. ஒடம்பு சூட்டுக்கு பழக ஒண்ணு ரெண்டு வாரம் எடுக்கும்ங்கிறதால மூணு நாள்ல முடிவு பண்ணாதீங்க. அப்பவும் கைய கால விரிச்சி தூங்கினீங்கன்னா ஃபோர்ம குடுங்க.

அதுவரைக்கும் ஜன்னல் பக்கம் அவரு படுக்கட்டும், ஆளுக்கு தனி கம்பளி, ஜன்னல் நாலு விரல் அளவு திறந்தா போதும். உங்க கால்மாட்டுல சுடுதண்ணி பை ஒண்ணு, கால் சூடானா தூக்கம் சீக்கிரம் வரும். கரிச்சட்டிய மட்டும் ரூமுக்குள்ள கொண்டு போயிராதீங்க தங்கச்சி, அதுல வர்ற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, தூக்கத்துலயே ஆள கொண்டு போயிரும்.

ரிப்போர்ட் வந்ததும் ஒரு வரி போடுங்க. ஃபோர்ம பாத்துட்டு அவரு என்ன சொன்னாருன்னும் எழுதுங்க.

அன்புடன்,
அக்கா