பழைய பி.எம்.டபிள்யூ எடுக்கலாமா என்று கேட்ட குடியாத்தம் தம்பிக்கு

தம்பி, நீ ஒரே மூச்சில் நான்கு கேள்வி கேட்டிருக்கிறாய். குடியாத்தத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, மனைவிக்கு நனீட்டனில் நர்ஸ் வேலை, வீடு எந்தப் பக்கம் பார்ப்பது, பையனைப் பள்ளியில் எப்படிச் சேர்ப்பது, நல்ல அரிசி எங்கே கிடைக்கும், அப்புறம் கடைசியாக, போகிற போக்கில் கேட்ட மாதிரி, "மூவாயிரம் பவுண்டுக்கு 2010 பி.எம்.டபிள்யூ டீசல் ஒன்று வருகிறது, எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி வேகம் கூட்டுகிற ரீமேப் எல்லாம் செய்திருக்கிறார்கள், எடுக்கலாமா அண்ணா?" அரிசி எல்லா ஊரிலும் கிடைக்கிறது, பொன்னியே கிடைக்கிறது. பள்ளிக்கு கவுன்சில் இணையதளத்தில் விண்ணப்பம் போடு. வீட்டைப் பற்றி நான் வாயைத் திறந்தால் நம்மவர்களுக்குள் சண்டை வரும், அதனால் விடு. வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

எடுக்காதே.

வீட்டிலிருந்து மருத்துவமனை மூன்று மைல் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த வயது டீசல் வண்டிகளில் புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கும், டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துக்கொள்ள வேண்டும், அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடேறி மோட்டார்வேயில் கொஞ்ச நேரம் சீராக ஓட வேண்டும். தினமும் மூன்று மைல் போய், ஷிஃப்ட் முடியும்வரை குளிரில் நின்று, திரும்ப மூன்று மைல் வருகிற வண்டியில் அது எப்படி எரியும்? அடைத்துக்கொண்டு மஞ்சள் விளக்கு காட்டும். பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று யாராவது ஒரு மேதாவி சொல்வான், ஆனால் கம்பெனி வைத்த ஃபில்டர் இல்லையென்றால் எம்.ஓ.டி. என்கிற வருஷாந்திர வண்டிச் சோதனையில் ஃபெயில். அது போக, 2007 முதல் 2011 வரை வந்த அவர்களின் இரண்டு லிட்டர் டீசலில் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அது தேய்ந்து சத்தம் போட ஆரம்பித்தால் பெரிய வேலை, எஞ்சினையே இறக்க வேண்டி வரும். ஊரில் இறக்கி ஏற்றுகிற கூலியைத் தாங்கிக்கொள்ளலாம். இங்கே மெக்கானிக் கூலி மணிக்கணக்கு, அந்த வேலைக்கு ஆகும் பில்லைப் பார்த்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வரலாம் போலிருக்கும்.

இன்னும் ஒன்று. 2010 டீசல் என்றால் யூரோ 6 என்கிற புதிய புகைத் தரம் கிடையாது. ஈஸ்ட் ஹாம் முருகன் கோயிலுக்குப் போகலாம் என்று லண்டனுக்குள் நுழைந்தால் ஒரு நாளைக்குப் புகைக் கட்டணம் 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுக்க இந்தக் கட்டணம்தான். பக்கத்தில் பர்மிங்காம் நடு ஊருக்குள் போனாலும் 8 பவுண்டு. சாமி கும்பிடப் போகிற ஒவ்வொரு தடவையும் உண்டியலுக்கு முன்னாடியே இந்தக் காணிக்கை.

நான் 2006 ஜனவரியில் கவென்ட்ரிக்கு வந்தேன். ஐந்து ஆண்கள் ஒரு வீடு, எனக்குக் கிடங்கில் ராத்திரி வேலை, முடிகிற நேரத்துக்குப் பஸ் கிடையாது. மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற வேலூரில் வளர்ந்த உடம்பு, விடியற்காலை உறைபனியில் நடந்து வீட்டுக்கு வந்தால் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். எங்களோடு இருந்த ஆம்பூர் பாய்தான் முதலில் வண்டி வாங்கினார். ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் வைத்து, மழையில், ஐந்து நிமிடத்தில் பேரம் முடிந்தது. பார்க்க பளபளவென்று இருந்தது, எஞ்சினும் தங்கம். அடுத்த எம்.ஓ.டி.க்கு லிஃப்டில் தூக்கியபோது டெஸ்ட் செய்தவர் கதவுக்குக் கீழே இருக்கிற சில் பகுதியை விரலால் அழுத்தினார், விரல் உள்ளே போய்விட்டது. உள்ளே வெறும் துரு, மேலே பட்டி வைத்து கறுப்பு பெயின்ட். பாய் பாவம், அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

நம் ஊரில் பழைய வண்டி பார்க்கிறவன் எதைப் பார்ப்பான்? ஆக்ஸிடென்ட் ஆனதா, டிங்கரிங் செய்திருக்கிறார்களா, கிலோமீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா, ஏ.சி. குளிர்கிறதா. துருவை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பாலாற்றிலேயே தண்ணீர் இல்லை, வண்டிக்கு அடியில் எங்கே ஈரம் வரப்போகிறது. இங்கே அப்படியில்லை, குளிர்காலம் முழுக்க சாலையில் உப்பு தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டிக்கு அடியில் ஏறி, சில், சப்ஃபிரேம், பிரேக் பைப் என்று ஒவ்வொன்றாகத் தின்னும். அதனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் குனிந்து அடியைப் பார். பேன்ட் அழுக்காகாமல் பழைய வண்டி வாங்கியவனை நான் நம்பமாட்டேன்.

உன் கையில் இப்போது பாய்க்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. வண்டி நம்பரை அரசாங்க இணையதளத்தில் தட்டினால் அதன் எம்.ஓ.டி. சரித்திரம் பூராவும் இலவசமாக வந்து விழும். நம் ஊரில் சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் எஃப்.சி. கவலை, இங்கே மூன்றாவது வருஷத்திலிருந்து வருஷா வருஷம் டெஸ்ட். ஒவ்வொரு டெஸ்டிலும் எத்தனை மைல், எதில் ஃபெயில், எதை "கவனிக்கவும்" என்று எழுதினார்கள், எல்லாம் அதில் இருக்கும். பாஸ் ஆன வருஷத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படி. மூன்று வருஷமாக "பின்பக்க பிரேக் பைப்பில் துரு" என்றே வந்துகொண்டிருந்தால் உரிமையாளர் கையில் காசு இல்லை, அல்லது மனசு இல்லை, இரண்டும் உனக்கு நல்லதில்லை. போன வருஷம் 98,000, இந்த வருஷம் 71,000 என்று இருந்தால் நான் சொல்லவே வேண்டாம். அப்புறம் அது மைல், கிலோமீட்டர் கிடையாது. 90,000 என்று பார்த்து குறைவுதானே என்று சந்தோஷப்படாதே, நம் கணக்கில் அது 1,45,000 கிலோமீட்டர்.

ஆர்.சி. புக்குக்குச் சமமாக இங்கே வி5சி என்று ஒரு தாள். அதில் இருப்பது வண்டியை வைத்திருப்பவர் பெயர், சொந்தக்காரர் என்பதற்கு அது ஆதாரம் கிடையாது, அந்தத் தாளே அப்படித்தான் சொல்கிறது. தவணையில் எடுத்து கடன் பாக்கி இருந்தால் வண்டி கடன் கொடுத்த கம்பெனியுடையது. கொஞ்சம் பவுண்டு செலவழித்துக் கடன், திருட்டு, விபத்து மூன்றையும் சோதிக்கிற ரிப்போர்ட் ஒன்று எடுத்துவிடு. அதில் கேட்டகிரி எஸ் என்று வந்தால் விபத்தில் வண்டியின் கட்டமைப்பே அடிபட்டு, இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவிய வண்டி. கேட்டகிரி என் (N) என்று வந்தால் கட்டமைப்புக்கு அடியில்லை, ஆனாலும் அவர்கள் கைகழுவியதுதான். விற்பவர் வீட்டுக்கே போய்ப் பார், வி5சி முகவரியும் அந்த வீடும் ஒன்றாக இருக்கட்டும். நீ வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு, போனதும் பானெட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். டீலரிடம் வாங்கினால் 2015 சட்டப்படி குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. தனி ஆளிடம் வாங்கினால் அது கிடையாது, அதனால்தான் சில வியாபாரிகள் தனி ஆள் வேஷம் போடுகிறார்கள். ஒரே போன் நம்பரில் ஐந்து வண்டி விளம்பரம் இருக்கிறதா என்று தேடினால் தெரிந்துவிடும். ரோடு டாக்ஸும் வண்டியோடு வராது, நீ உன் பெயரில் கட்டிவிட்டுத்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றி கோபத்தோடுதான் எழுதுவேன், பொறுத்துக்கொள். வண்டி விலையைக் கேட்பதற்கு முன் இன்சூரன்ஸ் விலையைக் கேள். புதிதாக வந்தவன், இந்திய லைசென்ஸ், இங்கே ஓட்டிய சரித்திரம் பூஜ்யம். ஊரில் நீ இருபது வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியிருந்தாலும் பெரும்பாலான கம்பெனிகள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த வயது வண்டிகளை 1 முதல் 50 வரை குரூப் பிரித்து வைத்திருக்கிறார்கள், நீ சொன்ன வண்டி மேலே இருக்கும், ரீமேப் செய்ததைச் சொன்னால் இன்னும் ஏறும், சொல்லாவிட்டால் நாளைக்கு க்ளெய்ம் நிற்காது.

இதைக் கேட்டதும் நம்மவர்களில் ஒருவர் கட்டாயம் வருவார். "என் பெயரில் போட்டுக்கொள்ளலாம், உன்னை இரண்டாவது டிரைவராகச் சேர்க்கிறேன், நீயே ஓட்டு." நல்ல மனசுக்காரர்தான், உதவி என்று நினைத்துத்தான் சொல்வார், ஆனால் தினமும் ஓட்டுவது நீ என்றால் அது மோசடி. பாலிசி செல்லாது என்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகக் கணக்கு, 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் பாயின்ட். இங்கே புதிதாக லைசென்ஸ் எடுத்தவனுக்கு முதல் இரண்டு வருஷத்தில் 6 பாயின்ட் வந்தால் லைசென்ஸே ரத்து, திரும்ப முதலிலிருந்து டெஸ்ட். டயரையும் சொல்லிவிடுகிறேன், 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் டயர் ஒன்றுக்கு 3 பாயின்ட். இரண்டு மொட்டை டயர் போதும்.

லைசென்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான். மாற்றித் தரமாட்டார்கள், தியரி, பிராக்டிகல் இரண்டும் எழுதி ஓட்டி வாங்க வேண்டும். டெஸ்ட் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது, அதனால் வண்டியை மற, நம் ஊர் எல்.எல்.ஆர். மாதிரி இங்கே இருக்கிற புரொவிஷனலுக்கு இன்றைக்கே விண்ணப்பம் போடு. பதினோராவது மாதத்தில் வந்து அண்ணா தேதி கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் எனக்கு நிறையத் தெரியும்.

சரி, எதை வாங்குவது? சின்ன பெட்ரோல் வண்டி. ஹோண்டா ஜாஸ், டொயோட்டா யாரிஸ். இங்கே அதைத் தாத்தா பாட்டி வண்டி என்று கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். வயதானவர்கள் நேரத்துக்கு சர்வீஸ் செய்வார்கள், ரசீதை ஃபைல் போட்டு வைப்பார்கள், வேகமாகவும் ஓட்டமாட்டார்கள். ஜாஸ் வாங்கினால் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் திருட வருவார்கள், முடிந்தால் வெளிச்சமான இடத்தில் நிறுத்து. ஊருக்கு ஃபோட்டோ அனுப்ப முன்னால் பெரிய சின்னம் வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக்காரன் வண்டியில் சாய்ந்துகொண்டு எடுத்து அனுப்பு, மாமனாருக்கு எங்கே தெரியப்போகிறது. மாதத் தவணையில் ஜெர்மன் வண்டி எடுத்துவிட்டு, ஹீட்டர் போடாமல் வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிற குடும்பங்களுக்கு நான் விருந்துக்குப் போயிருக்கிறேன். பிரியாணி நன்றாக இருந்தது, கை விறைத்துவிட்டது.

எனக்கு வண்டி ஆசை இல்லை என்று நினைக்காதே. என் மாமாவுக்கு வேலூர் கொணவட்டத்தில் மெக்கானிக் ஷெட். பள்ளி விடுமுறை முழுக்க அங்கேதான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன், நைனா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போவார். அங்கே ஒரு டாக்டரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு சர்வீஸுக்கு வரும், வண்டலூரில் செய்தது. முன்பக்கம் முழுக்க, மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழும், எஞ்சின் மொத்தமும் வெளியே தெரியும், சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அந்த மாதிரியின் மூல வண்டி, டிரையம்ஃப் ஹெரால்டு, இதே கவென்ட்ரியில், கேன்லியில் செய்தது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. கிடங்கு வேலைக்குப் போகிற வழியில் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

இப்போது என் வாசலில் 1969 ஹெரால்டு 13/60 நிற்கிறது. நாற்பது வருஷம் தாண்டியதால் டாக்ஸும் கிடையாது, எம்.ஓ.டி.யும் கட்டாயமில்லை, நான் மட்டும் வருஷா வருஷம் கொண்டுபோய்க் காட்டிவிடுவேன். சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் துருப்பிடித்திருந்தன, வெட்டி எடுத்துப் புதிது வைத்து வெல்டிங் செய்ததை பக்கத்துவீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டீ குடித்துக்கொண்டே பார்த்தார். இப்போது அவர் வண்டிக்கு ஆயில் மாற்றுவதும் நான்தான். மாமாவுக்கு வீடியோ காலில் எஞ்சினை ஓட்டிக் காட்டினால் முகத்தைப் பார்க்கமாட்டார், போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "மூணாவது சிலிண்டர்ல டேப்பட் சத்தம் வருது பாரு, பத்து தௌ வெச்சியா இல்லையா?" என்று அதட்டுவார். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, வால்வுக்கு விடுகிற இடைவெளிக் கணக்கு. வைத்திருந்தேன். திரும்பவும் கேஜ் விட்டுப் பார்த்தால் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது, எண்பது வயசுக் காது.

நீ ஜாஸ் ஏதாவது பார்த்தால் நம்பரை எனக்கு அனுப்பு, ராத்திரி படுக்கும் முன் சரித்திரத்தைப் படித்துவிட்டுச் சொல்கிறேன். விளம்பரப் படத்தில் நம்பர் பிளேட்டை மறைத்திருந்தால் கேட்டு வாங்கு. தர மறுத்தால் அந்த வண்டியைப் பார்க்க பஸ் டிக்கெட்கூட எடுக்காதே.